அப்பாவின் படத்தில் விழுந்த இருட்டு

வாசகரே, மேடையேறினால் நான் முதலில் நடுவரைத்தான் விளிப்பேன். இன்று எனக்கு நடுவர் வேண்டாம். தீர்ப்பு வந்துவிட்டது; அதை எதிர்த்துப் பேச என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. எனக்கு வேண்டியது ஒரு சாட்சி. ஆகவே உங்களைக் கூண்டில் ஏற்றுகிறேன். அடுத்த பத்தியில் ஒரு பொருளைக் காட்டுவேன். அதைப் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் அதைப் பார்த்து வளர்ந்த நான், வேண்டிய நேரத்தில் மறந்துபோனேன்.

என் அப்பா செல்லத்துரை தாராவியில் மூன்று தையல் இயந்திரங்கள் கொண்ட ஒரு பட்டறை நடத்துகிறார். உல்லாஸ்நகர் வியாபாரிகளுக்கு உள்பாவாடை தைத்துக் கொடுப்பது தொழில். பாவாடையின் இடுப்புப் பட்டிக்குள் நாடாவைக் கோர்க்க ஒரு பெரிய ஊக்கு வேண்டும். பட்டறையில் வைத்த ஊக்கு எதுவும் ஒரு வாரம் தங்கியதில்லை. அதனால் அப்பா தமது ஊக்கைத் தம் அரைஞாண் கயிற்றிலேயே மாட்டிவைத்திருப்பார். நாடா கோர்க்கும் நேரத்தில் சட்டையைத் தூக்கிக் கழற்றுவார். முடிந்ததும் மீண்டும் இடுப்பில் மாட்டுவார். குளிக்கும்போதும் உறங்கும்போதும் அது அங்கேதான். அந்த ஊக்குதான் நான் சொன்ன பொருள்.

இனி என்னைப் பற்றி. நான் டேனியல். மாட்டுங்காவில் சட்டம் படிக்கிறேன். பத்து வயதிலிருந்து ஞாயிறுதோறும் எங்கள் பகுதித் தமிழ் மன்றத்தில் மேடைப் பேச்சு பயின்றவன். எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் வலக்கையை மேலே கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் எனக்குக் கற்பிக்கப்பட்டிருக்கின்றன. நான் வென்ற பதினொரு கேடயங்கள் பட்டறையில், துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் இயந்திரத்துக்கு மேலே பலகையில் நிற்கின்றன. இயந்திரம் ஓடும்போது அவை கைதட்டுவதுபோல் அதிரும். அந்த ஓசை எனக்குப் பிடிக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நோய் முதலில் வெளிப்பட்டது பொதுக் கழிப்பிடத்தின் வரிசையில். எங்கள் சந்துக்கு அது ஒன்றுதான். அங்கே யாருடைய உடல்நிலையும் யாருக்கும் மறைவதில்லை. ஒரு காலைக்குள் அப்பா மூன்றாம் முறையாக வரிசையின் கடைசியில் வந்து நின்றபோது, துணி வெட்டும் மைதீன் பாய் திரும்பிப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, சண்டாசுக்கு டிரெயின் பாஸ் மாதிரி மாசப் பாஸ் எடுத்துக்கிடுமே.”

“வருதுங்குது, போனா வரமாட்டேங்குது பாய். என்ன செய்ய?”

வரிசை சிரித்தது. மைதீன் பாய் சிரிக்கவில்லை. “தம்பி, அப்பாவ டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பொறுப்பை ஒரு மேடை கிடைத்தது போலவே நான் ஏற்றுக்கொண்டேன்.

இரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. என்ற அளவு ஏழு என்று வந்தது. புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் ஒரு சுரப்பி. அது வெளியிடும் ஒரு புரதத்தில் சிறிதளவு இரத்தத்தில் கலக்கும்; அதன் அளவே பி.எஸ்.ஏ. அது கூடினால் சுரப்பி வயதால் பருத்திருக்கலாம், கிருமித் தொற்று இருக்கலாம், புற்றுநோயும் இருக்கலாம். எது என்று அந்த எண் சொல்லாது.

செம்பூரில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர் அப்பாவிடம் இந்தியில் கேள்விகளைத் தொடங்கினார். எரிச்சல் உண்டா, இரத்தம் வந்ததா, குடும்பத்தில் யாருக்கேனும் இருந்ததா? எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். அப்பாவுக்கு இந்தி தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். அவருடைய இந்தி உல்லாஸ்நகர் வியாபாரிகளிடம் முப்பது ஆண்டு பேரம் பேசிப் பழுத்தது. ஆனால் வாக்கியங்களை நான் கட்டும் அழகு அவருக்கு வராது என்பது அன்று என் எண்ணம். மருத்துவர் என்னையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டார். ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்க்கும் சோதனை அது. அந்த ஒன்றில் மட்டும் அப்பாவின் சார்பில் நான் ஆஜராக முடியவில்லை.

வெளியே வந்த அப்பா சுருக்கமாகச் சொன்னார்: “இதுக்கும் நீயே பதில் சொல்லிருக்கலாம்லே.”

அடுத்த கட்டம் எம்.ஆர்.ஐ. முன்பெல்லாம் இரத்த அளவு கூடினால் நேரே ஊசியால் சுரப்பியின் பல இடங்களில் சதை எடுத்துப் பார்ப்பார்களாம். நோய் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தால் ஊசி அதைத் தொடாமலே போய்விடக்கூடும். இப்போது முதலில் படம் எடுக்கிறார்கள். பெரிய காந்தத்துக்குள் ஆளைப் படுக்கவைத்து, கதிர்வீச்சு ஏதுமின்றிச் சுரப்பியை மெல்லிய துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள். சந்தேகத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். ஒன்று என்றால் கவலை மிகக் குறைவு; ஐந்து என்றால் மிக அதிகம்.

மூன்று நாள் கைபேசியில் இதைப் பற்றியே படித்தேன். படித்ததை உரையாகத் தொகுத்து, பட்டறையில் அப்பாவை முக்காலியில் உட்காரவைத்து ஆற்றினேன். அம்மா உளுந்தைக் களைந்துகொண்டே கேட்டாள். உரையின் முடிவில் மூன்று விதிகள் வகுத்தேன். அசையக் கூடாது. பேசக் கூடாது. அவசரத்துக்கு ஆளைக் கூப்பிடக் கையில் கொடுக்கும் ‘பல்ப்’ என்ற ரப்பர் உருண்டையைக் காரணமின்றி அமுக்கக் கூடாது.

“மூச்சு விடலாமாலே?” என்றார் அப்பா.

“விடலாம்பா. மெதுவா.”

“அதுக்கு நன்றி சொல்லும்,” என்றாள் அம்மா அவரிடம்.

படம் எடுக்கும் நாளன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். காந்தத்தின் அருகே இரும்பு போகக் கூடாது என்பதால் கேள்விகள் எல்லாம் உலோகத்தைப் பற்றியவை. இதயத்தில் கருவி உண்டா, எலும்பில் தகடு உண்டா, கண்ணில் இரும்புத் துகள் பட்டதுண்டா, பொய்ப்பல் உண்டா? இல்லை, இல்லை என்று ஒவ்வொன்றாக நானே குறித்துக்கொண்டு போனேன். கடைசியாக, ‘உடலிலோ உடையிலோ வேறு ஏதேனும் உலோகம்’ என்று ஒரு வரி. அதற்கும் இல்லை. அப்பா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். ஒரு கேள்வியைக்கூட அவரிடம் கேட்கவில்லை. சாட்சியாகிய நீங்கள் இப்போது கையை உயர்த்தியிருப்பீர்கள்; அன்று அங்கே நீங்கள் இல்லை.

உடைமாற்றும் அறைக்குள் மருத்துவமனைப் பைஜாமாவோடு போனவர் வெகுநேரம் வரவில்லை. கதவைத் தட்டினேன்.

“ஏலே, இந்தப் பைஜாமாவுல நாடா உள்ள போயிருக்கு,” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“கையால பிடிச்சுக்கிட்டு வாங்கப்பா.”

“கையால பிடிச்சிக்கிட்டு எப்படிலே அசையாமப் படுக்க? ஒரு நிமிசம் இரு. எவன் தச்சான்னு தெரியல, பட்டி அகலம் பத்தாது.”

சற்று நேரத்தில் வெளியே வந்தார். நாடா முன்பக்கம் அழகான முடிச்சாக விழுந்திருந்தது. வெறுங்கையால் அதை எப்படிக் கோர்த்தார் என்று என் மூளை கேட்கவில்லை. என் மூளை அப்போது மூன்று விதிகளை மீண்டும் சொல்லிக்காட்டும் ஆயத்தத்தில் இருந்தது. டெக்னீஷியன் இந்தியில் வாய்மொழியாகவும் ஒரு முறை கேட்டார்: பெல்ட், மோதிரம், செயின், மொபைல்? “நஹீ, நஹீ,” என்றேன் நான்.

கதவருகே அப்பா நின்றார். “ஏலே, ஒண்ணு கேக்கணும். இடுப்புல…”

“இடுப்பத்தான்பா படம் எடுக்கப் போறாவ. எல்லாம் வெளிய வந்து கேளுங்க. உள்ள பேசக் கூடாதுன்னு சொன்னேம்லா.”

அப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

நடைபாதையில் உட்கார்ந்தேன். எதிரே கணினி அறையின் கதவு பாதி திறந்திருந்தது. சில நிமிடங்களில் டெக்னீஷியன் நாற்காலியை முன்னே இழுத்துத் திரையைக் கூர்ந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு யாரையோ தொலைபேசியில் அழைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். திரையில் சாம்பல் நிறத்தில் அப்பாவின் இடுப்பு. அதன் நடுவில், எங்கே தெளிவாகத் தெரிய வேண்டுமோ அங்கே, ஒரு கரிய குழி. ஓரங்களில் வெள்ளையாக வளைந்து, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக, உள்ளே ஒன்றுமே தெரியாத இருட்டு.

மூன்று நாள் படித்த படிப்பு முழுவதும் அந்தக் குழிக்குள் விழுந்தது. ஆயினும் பயிற்சி பெற்றவன் ஆகையால் குரலை நிலைப்படுத்திக்கொண்டு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அம்மா, மனசத் திடப்படுத்திக்கிடுங்க. எதையும் தாங்குற குடும்பம் நாம.”

“என்னலே? டாக்டர் என்ன சொன்னாவ?”

“டாக்டர் இன்னும் வரல. நானே படத்தப் பாத்தேன். எலுமிச்சம்பழத்த விடப் பெருசு. ஒரே கருப்பு.”

“ஏசப்பா,” என்றாள். அவ்வளவுதான். தொடர்பு அறுந்தது. நான் அடுத்து சொல்ல வைத்திருந்த ஆறுதல் வாக்கியம் என்னிடமே தங்கிவிட்டது.

படம் பார்க்கும் மருத்துவர் வந்தார். மாட்டுங்காத் தமிழ்ப் பெண்மணி. கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டி ஒரே ஒரு முறை திரையைப் பார்த்தார். “உடனே வெளில கொண்டு வாங்கோ,” என்றார். அப்பாவைக் கொண்டுவந்தார்கள். அவர் நடந்தே வந்தார். மருத்துவர் அவரிடம் ஏதோ கேட்டார். அப்பா சட்டையைத் தூக்கி, அரைஞாணிலிருந்து ஊக்கைக் கழற்றி, அவருடைய உள்ளங்கையில் வைத்தார்.

“யாருப்பா இந்த ஃபார்மை ஃபில் பண்ணினது?”

“நான்தான், டாக்டர்.”

“பேஷண்ட்டைக் கேட்டியா?”

பதினொரு கேடயம் வென்ற நான் படிவத்தில் இருந்த ‘இல்லை’களை எண்ணத் தொடங்கினேன்.

“சொல்லத்தான் வந்தேம்மா,” என்றார் அப்பா. “இவன் பேசாதீங்கன்னுட்டான்.”

“உள்ளே அது இழுத்திருக்குமே. பல்பை அமுக்கப்படாதோ?”

“இழுத்துச்சு. கயித்தோட சேத்து நிமிந்து நின்னு இழுத்துச்சு. மிஷினு புண்ணு எங்க இருக்குன்னு தேடுது போலன்னு நெனச்சேன். பல்ப வேற காரணமில்லாம அமுக்கக் கூடாதுன்னு உத்தரவு.”

டெக்னீஷியனுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள்கள் குலுங்கின. மருத்துவர் சிரிக்கவில்லை. ஊக்கு திறந்து பறந்திருந்தால் வயிற்றையோ கண்ணையோ கிழித்திருக்கும் என்றார். படிவத்தை நம்பி அனுப்பியதற்காக டெக்னீஷியனுக்கும் வசவில் அவருடைய பங்கு கிடைத்தது. பிறகு என்னைத் திரையருகே அழைத்தார்.

“நீ பயந்துட்டே, இல்லையா? இரும்பு பக்கத்துல இருந்தா காந்தம் அங்கே சரியா வேலை செய்யாது. இந்தக் கருப்பு வியாதி இல்லை. அங்கே படமே விழலைன்னு அர்த்தம். வியாதி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதுலேர்ந்து ஒண்ணும் சொல்ல முடியாது.”

அந்த நேரத்தில் அம்மா வந்துசேர்ந்தாள். ஆட்டோவிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். பின்னால் மைதீன் பாய், கத்தரிக்கோலைக் கழுத்தில் மாட்டியபடியே. காந்தம் இருக்கும் கட்டடத்துக்குள் அது வருவதைக் கண்டு டெக்னீஷியன் இரு கைகளையும் விரித்து அவரை வாசலிலேயே மறித்தார். அம்மா யாரையும் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் நெற்றியைத் தொட்டாள், தோளைத் தொட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“எலுமிச்சம்பழம் எங்கலே?”

“இந்தா,” என்று அப்பா ஊக்கை நீட்டினார்.

அம்மா அதை வாங்கித் தன் முந்தானையில் மாட்டினாள். மூன்று முறை முயல வேண்டியிருந்தது. “இனி இது என்ட்ட இருக்கட்டும்,” என்றாள். என்னிடம் அன்று முழுவதும் வேறொன்றும் பேசவில்லை. வசவு கிடைத்திருந்தால் அதற்கு ஒரு மறுமொழி வைத்திருந்தேன்.

மீண்டும் படம் எடுத்தார்கள். இம்முறை எல்லாக் கேள்விகளையும் மருத்துவர் அப்பாவிடமே நேரில் கேட்டுக் குறித்தார். முக்கால் மணி நேரம். நடுவில் கைநரம்பில் ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். இரத்தம் எங்கே அதிகமாகப் பாய்கிறதோ அங்கே அது படத்தை வெளிச்சமாக்கிக் காட்டும். கை சில்லென்று ஆகும், அவ்வளவுதான். இயந்திரத்தின் சத்தத்தில் பலர் அஞ்சிவிடுவார்களாம். அப்பா உறங்கிவிட்டார். “முதல்ல ஓவர்லாக் சத்தம், அப்புறம் காஜா மிஷின் சத்தம். நம்ம பட்டறைதான்லே,” என்று வெளியே வந்து விளக்கினார்.

நான்காம் நாள் முடிவு வந்தது. சுரப்பியின் இடப்பக்க ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு புள்ளி. மதிப்பெண் நான்கு. வாழ்க்கையில் எந்தப் போட்டியிலும் மதிப்பெண் குறைவாக வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதில்லை; அந்த நான்கு நாளும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். நான்கு என்றால் சந்தேகம் வலுவானது, உறுதி இல்லை. சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எம்.ஆர்.ஐ. படத்தை அல்ட்ராசவுண்ட் திரையின்மேல் பொருத்தி, புள்ளி இருக்கும் இடத்தை நோக்கி ஊசியைச் செலுத்துவார்கள் என்று சிறுநீரக மருத்துவர் விளக்கினார். வழக்கம்போல் என்னிடம்தான் விளக்கினார். “ஏதாவது கேட்க வேண்டுமா?” என்று அவர் முடித்தபோது எனக்குள் நான்கு கேள்விகள் அணிவகுத்து நின்றன. வாயைத் திறந்தேன். அம்மாவின் முந்தானையில் ஊக்கு தெரிந்தது. வாயை மூடினேன்.

அந்த இடைவெளியில் அப்பா, தம் பழுத்த இந்தியில் கேட்டார். படத்தில் தெரியும் இடத்தில் மட்டும் குத்துவீர்களா, தெரியாத இடத்திலுமா? எங்கள் தொழிலில், ஒரு சுருள் துணியில் கறை ஒன்று தெரிந்தால் அதை மட்டும் வெட்டிவிட்டு விடமாட்டோம், சுருள் முழுவதையும் பிரித்துப் பார்ப்போம் என்றார்.

மருத்துவர் நாற்காலியை அப்பாவின் பக்கம் திருப்பினார். என் பக்கம் அது பிறகு திரும்பவே இல்லை. புள்ளியிலும் எடுப்போம், மற்ற இடங்களிலும் எடுப்போம். படம் சிலவற்றைத் தவறவிடுவதுண்டு என்றார். அதன் பிறகு இருவரும் பத்து நிமிடம் பேசினார்கள். எனக்குத் தோன்றிய நான்கு கேள்விகளில் மூன்றை அப்பா கேட்டார். நான்காவது தேவையற்றது என்று அப்போது எனக்கே புரிந்தது.

சதை எடுத்த அன்று அப்பா மருத்துவமனையில் ஒரு நாள் தங்கினார். இரண்டு மூன்று நாள் சிறுநீர் சிவந்து போகும், அஞ்ச வேண்டாம் என்று முன்பே சொல்லி அனுப்பினார்கள். முடிவுக்கு ஒரு வாரம். அந்த வாரத்தில் ஊக்கு அம்மாவிடமே இருந்தது. ஒவ்வொரு நாடாவுக்கும் அப்பா தையலை விட்டு எழுந்து அவளிடம் வந்து கேட்பார். அவள் கழற்றிக் கொடுப்பாள். முடிந்ததும் திருப்பிக் கொடுப்பார். கடையில் ஒரு டஜன் ஊக்கு வாங்கிப் போட்டிருக்கலாம். இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. காலையில் மைதீன் பாய் வரிசையில் முன்கூட்டியே போய் அப்பாவுக்கு இடம் பிடித்துவைத்தார். ஒரே விளிம்பை அப்பா இரண்டு முறை மடித்துத் தைத்துவிட்டுப் பிரித்ததை நான் பார்த்தேன். கேடயங்கள் அதிர்ந்தன. அந்த ஓசை அந்த வாரம் எனக்குக் கைதட்டலாகக் கேட்கவில்லை.

முடிவு சொல்ல மருத்துவர் கோப்பைத் திறந்து, பழக்கத்தால் என்னைப் பார்த்தார். “அப்பாவிடம் சொல்லுங்கள், டாக்டர்,” என்றேன்.

“கேன்சரா?” என்றார் அப்பா. எங்கள் வீட்டில் ஒரு மாதமாக யாரும் உச்சரிக்காத சொல்.

ஆம் என்றார் மருத்துவர். சிறியது. மெதுவாக வளரும் வகை. சுரப்பியை விட்டு வெளியே போனதற்கு அறிகுறி இல்லை. அறுவை செய்யலாம், கதிர் சிகிச்சை கொடுக்கலாம், அல்லது இப்போதைக்கு எதுவும் செய்யாமல், இரத்தமும் படமும் ஊசியுமாகத் தொடர்ந்து கண்காணிக்கலாம். வளர்வதாகத் தெரிந்தால் அப்போது சிகிச்சை. இந்த நிலையில் அதுவும் சரியான வழியே. அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தூண்டுவது பெரும்பாலும் சுரப்பி பருத்ததால். அதற்கு மாத்திரை உண்டு.

“சும்மா விடுததும் பாத்துக்கிட்டே இருக்கதும் ஒண்ணாலே?” என்று அப்பா என்னிடம் தமிழில் கேட்டார்.

எனக்கு விடை தெரியும். ஆனாலும் அவருடைய கேள்வியை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. ஒன்றல்ல என்றார் மருத்துவர். சொன்ன தேதிக்கு வராவிட்டால்தான் சும்மா விடுவது.

“அப்பம் பாத்துக்கிட்டே இருப்போம்,” என்றார் அப்பா.

திரும்பும் ஆட்டோவில் அம்மா கண்ணை மூடி உதட்டுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தாள். சயான் தாண்டியதும் அப்பா வெளியே பார்த்தபடி சொன்னார்: “அன்னைக்கி அந்தக் கருப்பப் பாத்துட்டு அம்மைக்குப் போன் போட்டியே. நான் பத்தடி தூரத்துலதான்லே கெடந்தேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை.

மறுநாள் காலை கழிப்பிட வரிசை. அப்பா உள்ளே போயிருந்தார். மைதீன் பாய் முதல் குழாயடிப் பெண்கள் வரை அத்தனை பேரும் என்னைச் சூழ்ந்தார்கள்.

“தம்பி, டாக்டர் என்ன சொன்னாவ? ஆப்பரேசனா?”

இதைவிடச் சிறந்த அவை எனக்கு எந்த மன்றத்திலும் வாய்த்ததில்லை. தொண்டையைச் செருமினேன். வலக்கை தானாக உயர்ந்தது.

“அன்புக்குரிய பெரியோர்களே, தாய்மார்களே. என் தந்தையின் உடலைப் பற்றி நான் இதுவரை ஆற்றிய உரைகள் அனைத்தையும் இந்த அவையில் திரும்பப் பெறுகிறேன். இன்றுமுதல், என் தந்தை வாயோடும் நினைவோடும் இருக்கும் காலம்வரை…”

“சுருக்கமாச் சொல்லுலே, வரிசை நிக்கி,” என்று மூன்றாம் கதவுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

கையை இறக்கினேன்.

“அப்பா வருவாவ. அவியட்டயே கேளுங்க,” என்றேன். “அவியட்ட கேக்கதுக்கு இனி நான் பதில் சொல்ல மாட்டேன்.”